ஒற்றுப்பிழைக்கு ஆள் உண்டு, ஊர்ப்பிழைக்கு?

புத்தகக் கண்காட்சிக்குள் நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ கொண்டுவந்துவிட வேண்டும் என்று கண்விழித்துக்கொண்டிருக்கும் சென்னை எழுத்தாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மெய்ப்பு' என்று போட்டு ஒரு பெயர் இருக்குமே, சில புத்தகங்களில் அதுவும் இருக்காது, புரூஃப் திருத்தும் அந்த ஆள் நான்தான். சூளையில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து இருபது வருடமாக உங்கள் 'க்', 'ச்', 'த்', 'ப்'புகளைப் போட்டுக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருக்கிறேன். ஆடி, ஆவணியில் ஈ ஓட்டுவேன். நவம்பர் பிறந்துவிட்டால் மூச்சு விட நேரம் இருக்காது. பொங்கலை ஒட்டி நந்தனத்தில் கண்காட்சி, அதற்குள் எல்லோருக்கும் புத்தகம் வந்தாக வேண்டும்.

இந்த வருடம் வந்து குவிந்திருப்பவற்றில் பாதிக்கு மேற்பட்ட கதைகளில் தமிழர் அல்லாத ஒருவர் இருக்கிறார். கட்டட வேலைக்கு வந்த ஒடியாக்காரர், பார்லரில் வேலை செய்யும் மிசோ பெண், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பாட்டி, நேபாளத்து வாட்ச்மேன். எனக்கு இதில் சந்தோஷம்தான். எங்கள் தெரு டீக்கடையில் காலையில் பத்து நிமிஷம் நின்றால் ஐந்து மொழி காதில் விழுகிறது. இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எழுதிவிட்டு அதில் எல்லோரும் ஒரே தமிழ் பேசினால்தான் பொய். அதனால் இவர்களைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்க வரவில்லை. இவர்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்க வந்தேன்.

ஒரு நாவல். யார் எழுதியது என்று சொல்லமாட்டேன், தொழில் தர்மம். மணிப்பூரிலிருந்து வந்து அண்ணா நகரில் ஓர் உணவகத்தில் வேலை செய்யும் இளைஞன். பெயரின் கடைசியில் 'சிங்'. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவன் டர்பன் கட்டிக்கொண்டு ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்குப் போகிறான். மணிப்பூரின் மெய்தெய் ஆண்கள் பலருக்குப் பெயரின் கடைசியில் சிங் இருக்கும், பெண்களுக்குத் தேவி இருக்கும். அதற்கும் சீக்கிய மதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களில் நிறையப் பேர் வைணவர்கள். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். ஆசிரியர் டர்பனை மட்டும் கழற்றிவிட்டார். குருத்வாரா அப்படியே இருக்கிறது. அந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறதாம்.

இன்னொன்றில் அந்த மிசோ பெண். மிசோ பெயர்கள் பொதுவாக ஆணுக்கு 'ஆ'வில் முடியும், பெண்ணுக்கு 'ஈ'யில் முடியும். நம் கதாநாயகிக்கு 'ஆ'வில் முடியும் பெயர். ஐஸ்வாலிலிருந்து வந்த ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு இதைப் படித்தால், 'முருகேசன் தன் கூந்தலைப் பின்னிக்கொண்டாள்' என்று நாம் படிப்பது மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் சொல்வதால் நான் ஏதோ எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் ஒரு சிறுகதையில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த கொத்தனார் 'மேரா பஹன்' என்கிறார். இந்தியில் சகோதரி பெண்பால், 'மேரி பஹன்' என்றுதான் வர வேண்டும். சின்ன வயதில் பிராத்மிக், மத்யமா எழுதிப் பாஸ் செய்த பெருமையில் சிவப்பு மையால் திருத்தினேன். புத்தகமும் வந்துவிட்டது. அப்புறம் எங்கள் எதிர் மனையில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். மால்டாவிலிருந்து சிலர், ஒடிசாவிலிருந்து சிலர். சாயங்காலம் மணல் குவியலில் உட்கார்ந்து இரண்டு கூட்டமும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். மால்டாக்காரர் வாயில் 'மேரா பஹன்' தாராளமாக வந்தது. அவர் தாய்மொழி வங்காளம். வங்காள இலக்கணத்தில் இந்தி மாதிரி ஆண்பால் பெண்பால் கிடையாது. அவர் இந்தி பேசினால் இப்படித்தான் பேசுவார். இந்தி தெரியாமல் எழுதிய ஆசிரியர் சரியாக எழுதியிருந்தார், இந்தி தெரிந்த நான் கெடுத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: மன்னிக்கவும்.

அதே மனையில்தான் இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் கதைகளில் 'வடக்கிலிருந்து' வந்தவர்கள் எல்லோரும் சப்பாத்தி தின்கிறார்கள். (ஒடிசா நமக்கு வடகிழக்கே, வங்காள விரிகுடாவை ஒட்டி, அரிசி விளையும் நாடு. சரி, விடுங்கள்.) ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒடியாக்காரர் ஒருவர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து எவர்சில்வர் தூக்கைத் திறந்தார். முந்தின ராத்திரிச் சோறு, தண்ணீர் ஊற்றி வைத்தது. உப்பைப் போட்டுக் கையால் பிசைந்தார். ஒரு பச்சை மிளகாய், கடித்துக்கொள்ள அரை வெங்காயம். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடியே, பழையதுடி!" என்று கத்தியே விட்டாள். இறங்கிப் போய்க் கேட்டேன். "பகாள" என்றார். அம்மா நாலு மோர் மிளகாய் பொரித்துக் கொடுத்தனுப்பினாள். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் பக்கத்தில் இருந்தவருக்குத் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைப் பை ஒரு கதையிலும் இல்லை. சப்பாத்திதான் இருக்கிறது.

சரி, என் கணக்கில் இருக்கும் பெரிய தப்புக்கு வருகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. அதில் ஓர் அடகுக்கடை சேட்டு. தாலிச் சங்கிலியை அடகு வைக்க வந்த பெண்ணிடம், "நம்பள் கிட்டே பணம் இருக்கான், நிம்பள் வட்டி குடுக்கறான்" என்கிறார். கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வெங்காய பக்கோடாவைக் கொறித்தபடி நோட்டு எண்ணுகிறார். கடைசியில் நகை மூழ்கிப்போகிறது. நாலு பேர் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள்.

அந்தக் கதையை எழுதிய மேசைக்குப் பன்னிரண்டு அடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு மார்வாடி சமணக் குடும்பம். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வீட்டுத் தாத்தாவுக்கு ஓட்டேரியில் அடகுக்கடை. அவர் இருமல் எனக்குத் தெரியும், அவர் வீட்டுப் பருப்பு தாளிக்கும் வாசனை தெரியும். கதை எழுத உட்கார்ந்தபோது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. எந்தக் காலத்துப் படத்திலோ கேட்டுச் சிரித்த 'நம்பள் நிம்பள்' சேட்டுதான் வந்து நின்றார். அவரையே உட்கார வைத்துவிட்டேன்.

அந்த வீட்டுப் பேத்தி அப்போது பிளஸ் ஒன். பள்ளியில் தமிழ் எடுத்துப் படித்தவள். கதையைப் படித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். கோபமாகவும் இல்லை.

"ஆன்ட்டி, இது எங்க தாத்தாவா?"

"சேச்சே, சும்மா ஒரு கேரக்டர்மா."

"அதான் பார்த்தேன். எங்க தாத்தா இப்படிப் பேசமாட்டாரே. 'இன்னா நைனா, எவ்ளோ வோணும்'ன்னுதானே கேப்பாரு."

உண்மைதான். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். தமிழை ரிக்‌ஷாக்காரர்களிடமும் பின்னி மில் தொழிலாளிகளிடமும் கற்றுக்கொண்டார். என் தமிழைவிட அவர் தமிழில் மெட்ராஸ் ஜாஸ்தி. அப்புறம் பக்கோடா விஷயத்துக்கு வந்தாள். தாத்தா பொழுது சாய்ந்த பிறகு எதுவும் சாப்பிடமாட்டார். மண்ணுக்கு அடியில் விளையும் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அவர் வீட்டுக்குள்ளேயே வராது. ஒரே வரியில் நான் நேரத்தையும் கெடுத்து, பண்டத்தையும் கெடுத்திருந்தேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஆனா நான் வெங்காயம் சாப்பிடுவேன் ஆன்ட்டி. ஸ்கூல் கேன்டீன்ல. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஏலக்காய் மென்னுட்டு வந்துடுவேன்."

கதை அந்த ஏலக்காயில் இருந்தது. பன்னிரண்டு அடி தூரத்தில். நான் அதை விட்டுவிட்டு நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு இன்றும் வெட்கமாக இருப்பது வேறொன்று. கதை எழுதிய அன்றும் என் மேசையில் நன்னூல் திறந்து கிடந்திருக்கும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று நான் ஓடிப் போய்ப் பார்க்கும் அந்த நூலைச் செய்த பவணந்தி முனிவர் சமணர். சீவக சிந்தாமணியைத் தந்த திருத்தக்கதேவரும் சமணர். திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூர் பக்கம் போனால் தமிழைத் தவிர வேறு தாய்மொழி இல்லாத சமணர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். என் பிழைப்பே ஒரு சமணர் போட்ட சோறு. அடுத்த வீட்டுச் சமணரை மட்டும் எங்கிருந்தோ வந்த வட்டிக்காரராகப் பார்த்திருக்கிறேன். 'சேட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் மார்வாடி, குஜராத்தி, சிந்தி என்று மூன்று மொழிக்காரர்களை அடைத்துவிட்டோம். அதில் சமணர் யார், வைணவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இது சேட்டோடு முடிகிற கதையா? வாட்ச்மேன் என்றால் 'சலாம் சாப்'. ஆங்கிலோ இந்தியப் பாட்டி என்றால் 'என்ன மேன்', கையில் ஒரு கிளாஸ். நரிக்குறவர்களை எழுதப் புகுந்து குறவஞ்சிக் குறத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி வகையறாவைச் சேர்ந்த மொழி. முந்தைய கதாசிரியர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார், அவரைப் பார்த்து நாம் எழுதுகிறோம். நடுவில் ஆளே இல்லை. இந்திப் படத்தில் தமிழன் நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் அள்ளித் தின்றபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! பம்பாய்க்காரர் நம்மிடமிருந்து எடுக்கவில்லை, அவருக்கு முன்னால் இருந்த பம்பாய்க்காரரிடமிருந்து எடுத்தார்.

நம் மொழிக்குள்ளேயே இது நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சென்ற மாதம் ஒரு நாவல் பார்த்தேன். நாயகனின் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் குடும்பத்தோடு கப்பலேறி வந்து கூடலூரில் குடியமர்ந்தவர். நாட்டின் பெயர், ஒப்பந்தத்தின் ஆண்டு, அரசு தேயிலைத் தோட்டக் கழகம் எல்லாம் பிசகில்லாமல் இருக்கிறது. அப்புறம் பாட்டி வாயைத் திறக்கிறார். "என்ன கதைக்கிறியள் தம்பி, சாப்பிட்டியளோ?" மழை நாளில் பேரனுக்கு ஒடியல் கூழ் காய்ச்சுகிறார்.

அது யாழ்ப்பாணத்துப் பேச்சு, யாழ்ப்பாணத்துக் கூழ். ஒடியல் பனங்கிழங்கை உலர்த்தி வருவது. தேயிலை மலையில் பனை ஏது? தோட்டத்துக்குப் போனவர்கள் திருச்சி, சேலம், மதுரை என்று நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்கள். அவர்கள் பேச்சு நம் கிராமத்துப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பாட்டியிடம் வேறு சொற்கள் இருந்திருக்கும்: லயம் (தோட்டத்து வரிசை வீடு), பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கொழுந்து, துரை. அரை நூற்றாண்டு கூடலூரில் இருந்தும் 'லயத்துக்குப் போறேன்' என்று தன் வீட்டைச் சொல்லும் கிழவி எப்பேர்ப்பட்ட பாத்திரம்! ஆசிரியரிடம் போனில் சொன்னேன். "இலங்கைத் தமிழ்னா வாசகருக்கு இப்படி இருந்தால்தானே மேடம் தெரியும்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் சேட்டும் வாசகருக்குத் தெரிந்த சேட்டுதானே.

எதிர்ப்பக்கத்துத் தப்பும் உண்டு. இப்போது அதுதான் அதிகம் வருகிறது. இணையத்தில் தேடித் தேடிப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள். பீகாரிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும் சத் பூஜை அன்று கடற்கரையில் நிற்கிறார்கள். அண்ணன் தம்பியிடம் சொல்கிறான்: "தீபாவளி முடிந்து ஆறாம் நாள் கொண்டாடும் இந்தப் பண்டிகையில் நாம் மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் கொடுக்கிறோம். கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த தேகுவாவைப் படைக்கிறோம்." தகவல் எல்லாம் சரி. ஆனால் எந்த அண்ணன் தம்பியிடம் இப்படிப் பேசுவான்? உங்கள் அக்கா உங்களிடம், "தம்பி, அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் இந்தச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடு" என்பாளா? தேகுவா நமுத்துப்போய்விட்டது, அம்மா செய்த மாதிரி இல்லை, சூரியன் இறங்குவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும், ஊருக்கு வீடியோ கால் போட முடியாது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். இப்படி எழுதப்படுபவர்கள் தப்பித் தவறிக்கூடப் பொய் சொல்வதில்லை, பொறாமைப்படுவதில்லை, யாரையும் ஏமாற்றுவதில்லை. அழுகிறார்கள், உழைக்கிறார்கள், கடைசி அத்தியாயத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறார்கள். மோர் மிளகாயைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொள்ளக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை.

"அப்படியானால் உள்ளே போக முடியாதவர்கள் எழுதவே கூடாதா?" என்பீர்கள். வெளியிலிருந்து எழுதுங்களேன். முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாசறையைக் காட்டுகிறார். அரசன் படுத்திருக்கும் கூடாரத்தில் காவலுக்கு மிலேச்சர்கள், அதாவது அயல்நாட்டுக்காரர்கள். அவர்கள் மொழி அவருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. நாவால் பேசாமல் உடம்பால் பேசுபவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 'மிலேச்சர்' என்ற சொல்லை இன்றைக்கு நான் விடமாட்டேன், ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன். ஆனால் அந்த சைகையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாத்திரத்தின் மனசுக்குள் புகத் தெரியவில்லையென்றால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழரின் கண் வழியாக எழுதுங்கள். அந்தக் கண்ணுக்குப் புரியாததைப் புரியாததாகவே விடுங்கள். என் சேட்டையும் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே எழுதியிருக்கலாம். இருமல் சத்தம் போதும்.

உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், ஒரு வேண்டுகோள். இது உங்களுக்கும் உங்கள் பதிப்பாளருக்கும் சேர்த்து. ஒற்றுப்பிழை பார்க்க என்னை வைத்திருக்கிறீர்கள். 'அந்த பையன்' என்று அச்சாகிவிட்டால் தூக்கம் வராது உங்களுக்கு. ஊர்ப்பிழை பார்க்க ஒருவரை வையுங்கள். அந்த ஊர்க்காரர், அந்த மொழிக்காரர். சென்னையில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் கூட உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒரு கட்டு அச்சுப் பக்கங்களுக்கு, என்ன கொடுக்கிறீர்களோ அதை அவருக்கும் கொடுங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நாலாம் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் வரட்டும், அவர் சம்மதித்தால்.

ஒருவரோடு நிறுத்திவிடவும் வேண்டாம். என் கதை வந்த அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மாவிடமும் மெதுவாகக் கேட்டேன். "எங்க வீட்ல யாரும் வெங்காயத்தைத் தொடவே மாட்டாங்க" என்று அடித்துச் சொன்னார். சொல்லும்போது பின்னால் நின்ற மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அம்மாவை மட்டும் கேட்டிருந்தால் சரியான தகவலோடு ஒரு செத்த கதை எழுதியிருப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. தாத்தா இல்லை. கடையை அவள் அப்பா மூடிவிட்டார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினாள். தமிழில் ஒரு சிறுகதை, அவள் எழுதியது. "பிழை பார்த்துக் குடுங்க ஆன்ட்டி" என்று ஒரு குரல் பதிவு. கதையில் பக்கத்து வீட்டில் ஒரு புரூஃப் பார்க்கும் மாமி வருகிறாள். விடியற்காலையில் எழுந்து வாசலில் இழைக்கோலம் போடுகிறாள். தலையில் மல்லிகைப்பூ. டவரா டம்ளரில் ஃபில்டர் காபியை ஆற்றிக்கொண்டே திருப்பாவை முணுமுணுக்கிறாள்.

ஒற்றுப்பிழை மொத்தம் ஒன்பது, அதைப் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஓரத்தில் எழுதினேன்: எட்டு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டாள். மல்லிகை வாசனை ஒத்துக்கொள்ளாது, ஒற்றைத் தலைவலி. காபி குடிப்பதில்லை.

உடனே போன் வந்தது. "அச்சச்சோ, இத்தனை வருஷமா பக்கத்துலயே இருக்கேன். அப்போ என்னதான் ஆன்ட்டி குடிப்பீங்க?"

"நீயே வந்து பாரு" என்றேன். நாளைக்கு வருகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்பு பார்ப்பவள்,
சூளை, சென்னை